சி மொழியில் எழுதியும் மெதுவாக ஓடிய நிரல்: உங்கள் அனுபவம் என்ன?

தறி:
இரண்டு வருடம் ஆகியும் அந்த மாலை மனதை அரிக்கிறது. எட்டாயிரம் கிடைவரிசை, எட்டாயிரம் நெடுவரிசை கொண்ட அணி. நெடுவரிசை ஒவ்வொன்றுக்கும் கூட்டுத்தொகை வேண்டும், அதையும் நூறு முறை. வேகம் என்றால் சி மொழிதான் என்று அடித்துச் சொல்லி நானே எழுதினேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண், எண் கணக்குகளுக்கான பைத்தான் நூலகமான நம்பையில் ஒரே வரி எழுதினார். விடை வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். "சார், உங்களுடையது இன்னும் ஓடுகிறதா?" கிண்டல் துளியும் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

சி மொழி அணியை நினைவகத்தில் கிடைவரிசையாக அடுக்குகிறது. நானோ மேலிருந்து கீழே இறங்கினேன். எண்ணுக்கு எட்டு பைட், அதனால் ஒவ்வோர் எண்ணுக்கும் 64,000 பைட் தாண்ட வேண்டும். செயலி 64 பைட்டைத் தன் அருகிலுள்ள சிறிய வேக நினைவகமான கேஷுக்கு இழுத்துவர, நான் அதில் எட்டே பைட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குத் தாவினேன். திரும்பத் திரும்ப ஓடும் லூப்கள் இரண்டில் உள் லூப்பை வெளியிலும் வெளி லூப்பை உள்ளேயும் மாற்றினேன், சரியாகிவிட்டது.

ஓடம்:
இதைப் படித்துவிட்டுப் பைத்தானே போதும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்கு அடியில் ஓடியதும் சி நிரல்தான். வெறும் பைத்தானின் பட்டியலில் 10 கோடி தசம எண்களை வைத்துப் பார்த்தவன் நான். எண்ணுக்கு 24 பைட், அது இருக்கும் முகவரியைச் சுட்டும் பாயிண்டருக்கு 8 பைட். மொத்தம் 320 கோடி பைட். நினைவகம் போதாமல் லினக்ஸ் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லை அச்சிட்டு நிரலை முடித்துவிட்டது. பிழைச்செய்தி, வரி எண், எதுவும் இல்லை. சி மொழியில் அதே எண்களுக்கு 80 கோடி பைட் போதும்.

மின்மினி:
ஓடம், பைட்டை எண்ணுகிறீர்கள். என் மூன்று இரவுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சி பிளஸ் பிளஸில் வெக்டர் என்பது வளரக்கூடிய பட்டியல். அதன் ஓர் உறுப்புக்கு ரெஃபரன்ஸ், அதாவது அது இருக்கும் இடத்தின் சுட்டு, எடுத்து வைத்துக்கொண்டு, அதே வெக்டரில் புதிய உறுப்பைச் சேர்த்தேன். இடம் போதாமல் வெக்டர் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. என் கையில் பழைய முகவரி. நிரல் விழுந்திருந்தால்கூடத் தேவலை. விழாமல், நம்பும்படியான தவறான எண்ணைத் தந்தது. சோதனைத் தரவு சிறியது என்பதால் அங்கே ஒருமுறைகூட மாட்டவில்லை. பிறகு ரஸ்ட் மொழியில் எழுதியபோது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த வரியிலேயே நிறுத்தியது.

திசைமானி:
எங்கள் குழு முழு நிரலையும் கோ மொழிக்கு மாற்ற முடிவெடுத்திருந்தது. அதற்கு முந்தைய நாள், எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் புரொஃபைலரை ஓட்டினோம். ஒரு பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வரி. பட்டியலை, முதலிலிருந்து தேடாமல் நேராகக் கண்டுபிடிக்கும் செட் ஆக்கினோம், மாற்றும் பேச்சே நின்றது.

தறி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கம்பைலருக்கு ஓ2 என்ற வேகப்படுத்தும் தெரிவைக் கொடுக்காமல் சி நிரலின் வேகத்தை அளக்கவே கூடாது. அதிக நேரம் ஓடும் சூடான பகுதியை மட்டும் சி அல்லது ரஸ்டுக்குக் கொண்டுபோங்கள். அப்போதும் எண்ணுக்கு ஒருமுறை அழைத்தால் அழைப்புச் செலவே வேகத்தைத் தின்றுவிடும். முழு அணியையும் ஒரே அழைப்பில் கொடுங்கள். பைத்தானில் திரெட்டுகளை, அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளை, கூட்டினால் கணக்கு வேகமாகும் என்றும் நம்பாதீர்கள், ஜிஐஎல் என்ற உள் பூட்டு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓடவிடும். 2024-இல் வந்த பைத்தான் 3.13 பதிப்பில் அது இல்லாத வடிவம் உண்டு, ஆனால் சோதனை நிலையில்தான் வந்தது. ஜாவாவை அளப்பவர்கள் முதல் சில ஓட்டங்களைத் தள்ளிவிடுங்கள், நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் சூடேறவே நேரம் எடுக்கும்.

தறி:
ஓ2 போட்டுத்தான் ஓட்டினேன். அந்தப் பெண் இப்போது சி கற்கிறார். நேற்று ஓர் அணியைத் தாளில் வரைந்து, நினைவகத்தில் இது எப்படிக் கிடக்கும் என்று கேட்டேன். முதல் கிடைவரிசையின் கடைசிக் கட்டத்திலிருந்து இரண்டாவதின் முதல் கட்டத்துக்கு, யோசிக்காமல் அம்புக்குறி போட்டார்.