கம்ப்ரசர் ஹோஸ்ல இறங்குறது: கண்ணுல பட்டதைச் சொல்லுங்க

தென்கடல்_வல்லம்:
ஏர்வாடிப் பக்கம். படகுல ஓடுற கம்ப்ரசர்ல இருந்து ஹோஸ் வழியா மூச்சு இழுத்துக்கிட்டு ஆறு பாகத்துல (சுமார் 11 மீட்டர்) இருந்தவர் ஏறி வந்தாரு, வழி நெடுக ஒரு குமிழி கூட இல்ல. அதுதான் இன்னும் கண்ணுல நிக்குது. நல்ல சங்குக் குளியாளி, மூச்சடக்கியே பழகின உடம்பு. வெறும் மூச்சுல போனா மேல இருந்து கொண்டுபோன காத்துதான் திரும்ப வருது, அடக்கலாம். ஹோஸ்ல அப்படியில்ல. 10 மீட்டர்ல இழுத்த 5 லிட்டர் மேல வரும்போது 10 லிட்டர். வாயை மூடினா நுரையீரல் கிழிஞ்சு காத்து ரத்தத்துல ஏறும். கடைசி ஒன்றரை மீட்டரே போதும் அதுக்கு. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, ஊதிக்கிட்டே வரணும்.

வாடைக்காத்து:
மூச்சு இருக்கட்டும், எஞ்சின் புகைக்குழாய்க்கும் கம்ப்ரசர் காத்து இழுக்கிற வாய்க்கும் எவ்வளவு தூரம்? பாம்பன்ல ஒண்ணு, ஒரு முழம் கூட இல்ல! கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, 10 மீட்டர்ல அதோட அழுத்தம் ரெண்டு மடங்கு. கரி ஃபில்டர் எண்ணெய் வாடையைத்தான் எடுக்கும், இதை எடுக்காது. ஐரோப்பிய அளவுகோல்ல 5 பிபிஎம் (பத்து லட்சத்துல அஞ்சு பங்கு) தான் உச்சம். இழுக்கிற வாய்க்குத் தனிக் குழாய் போட்டு ரெண்டு மீட்டர் உயரத்துல, காத்து வர்ற பக்கம் கட்டுங்க. டயர் கடை கம்ப்ரசர் வேண்டாம், எண்ணெய்த் துளி நுரையீரல்ல தங்கும். ஹோஸை வாயில தொங்கவிடாம இடுப்புல கட்டணும். முகமூடிக்கு நேரா காத்து விடுறவங்க ஆள் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு (காத்தைத் திரும்பிப் போகவிடாத வால்வு) வைக்கணும், மேல ஹோஸ் அறுந்தா முகத்தையே உறிஞ்சும். ஒரே கம்ப்ரசர்ல ரெண்டு பேர்னா, காத்து பத்தாதப்ப ஆழம் கம்மியா இருக்கிறவர் இழுத்துக்குவாரு, அவருக்குக் கீழ இருக்கிறவருக்கு வராது. மத்தபடி வடகடல்ல (பாக் விரிகுடா) ஆழம் கம்மி, எந்த ஆழத்துல எவ்வளவு நேரம் இருக்கலாம்ங்கிற அட்டவணையெல்லாம் தேவையில்ல.

பாசிக்கரை:
கடைசி வரி தப்பு. சிலிண்டர் தீர்ந்தா ஆள் ஏறியாகணும். கம்ப்ரசர் பெட்ரோல் இருக்கிற வரை ஓடும், நாலு மணி நேரம் கீழயே கிடப்பாங்க. ஆழத்துல உடம்புல சேர்ற நைட்ரஜன் வெளியேறணும். 18 மீட்டர்ல இருந்து வழியில நிக்காம ஏற அமெரிக்கக் கடற்படை அட்டவணை தர்றது சுமார் ஒரு மணி நேரம். ஒரே நாள்ல மறுபடி இறங்கினா அதுவும் குறையும். மேல வந்து மூட்டு வலிச்சா தைலம் தேய்க்கிறாங்க, சிலர் வலி போகும்னு திரும்ப இறங்குறாங்க. படுக்க வச்சு முழு ஆக்சிஜன் குடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும்.

அப்புறம், ஓபன் வாட்டர் கார்டு (முதல் நிலை ஸ்கூபா சான்றிதழ்) சிலிண்டருக்கு, அதுவும் 18 மீட்டர் வரைக்கும். கம்ப்ரசருக்குத் தனியாப் பழகணும். ரீபிரீதர்னா (விட்ட மூச்சைச் சுத்தம் பண்ணித் திரும்பத் தர்ற கருவி) மாடலுக்கு மாடல் தனி சான்றிதழ்.

தொண்டி_மீன்:
"சான்றிதழ் தேவையில்ல"ன்னு ஆன்லைன்ல வர்ற அரை லிட்டர் காத்து பாட்டில் ஒருத்தர் கையில. 200 பார் நிரப்பினா 100 லிட்டர் காத்து. மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள் 10 மீட்டர்ல 40 இழுப்பாரு. ரெண்டரை நிமிஷம். பதறினா அதுல பாதி.

தென்கடல்_வல்லம்:
வாடைக்காத்துக்கு: நான் சொன்ன படகுல இழுக்கிற வாய் அணியத்துல (முன்பக்கம்), எஞ்சின் பின்னால. சரியாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா அன்னைக்கு நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டியிருந்தாங்க, காத்து பின்னால இருந்து அடிச்சு புகையை அணியத்துக்கே தள்ளும்.