மறியலால் வந்தவர்களுக்கு வேலை தேடி அலைந்ததில் கண்டது

கொழும்பில் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்தில் மறியலால், அதாவது சிறையிலிருந்து, வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் ஒரு சிறு குழுவோடு கொஞ்சக் காலமாக ஓடித் திரிகிறேன். "அவங்களுக்கு உழைச்சுச் சாப்பிட மனசில்ல" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை.

ஒரு தம்பி. வெலிக்கடைச் சிறைக்குள் பேக்கரி வேலை பழகியவர். பாண், பணிஸ் எல்லாம் கைவந்த வேலை. வெளியே வந்தபோது அடையாள அட்டை இல்லை. கிராம சேவகரிடம் போனால், "தம்பி, நீங்க இந்த விலாசத்தில இல்லையே, வோட்டர் லிஸ்ட்லயும் பேர் இல்லையே" என்றார். அவரிலும் பிழையில்லை. வாடகை கட்ட முடியாமல் குடும்பம் வத்தளைக்குப் போய்விட்டது. நற்சான்றுப் பத்திரத்துக்குக் கிராம சேவகர் ஒப்பமிட்டு, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வேண்டும். வத்தளை வீட்டுக்காரர் "இவர் இங்கதான் தாயோட இருக்கிறார்" என்று கடிதம் தந்த பிறகுதான் பத்தரமுல்லை ஆட்பதிவுத் திணைக்களம் வரைக்கும் போக முடிந்தது. அதற்குள் அவரை எடுக்கிறேன் என்ற பேக்கரி வேறு ஆளை எடுத்துவிட்டது.

இதையெல்லாம் உள்ளே இருக்கும்போதே செய்து முடித்திருக்கலாம். 2015 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்துவது பற்றிய நெல்சன் மண்டேலா விதிகளில் 108 ஆவது விதி, விடுதலையாகிறவருக்கு ஆவணங்கள், தங்க இடம், வேலை, உடுப்பு, வழிச்செலவு எல்லாம் கிடைக்கப் பார்க்கச் சொல்கிறது. ஆவணங்களைத்தான் முதலில் சொல்கிறது. அதை எழுதியவர்களுக்கு நிலைமை தெரிந்திருக்கிறது.

அந்தத் தம்பிக்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. வகுப்புக்குப் போகாமலே, தெரிந்த வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க, அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் வழியிருக்கிறது. அதற்கு விண்ணப்பித்திருக்கிறார். பலருக்கு இது தெரியாது, சொல்லிவையுங்கள்.

காசுப் பிரச்சினை இதைவிடப் பொல்லாதது. சிறையின் பெண்கள் பிரிவிலிருந்து வந்த ஓர் அக்கா, ஜூக்கி தையல் மெஷினில் கெட்டிக்காரி. தெமட்டகொடையில் ஒரு தையல் இடத்தில் எடுத்தார்கள். சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் திகதிதான். அதுவரைக்கும் பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மகள் சிறுவர் இல்லத்தில். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது ஒரு பிஸ்கட் பெக்கட்டாவது வேண்டுமே. வட்டிக்கு வாங்கினார். வட்டிக்காரன் வேலைத்தள வாசலுக்கே வந்து கத்தினான். அடுத்த நாள் அக்கா வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு, "முதல் இரண்டு மாதம் கிழமைச் சம்பளம் குடுங்க முதலாளி" என்பதைத்தான் முதலில் கேட்கிறோம். இரக்கப்படச் சொல்லிக் கேட்பதில்லை. வாழைத்தோட்டத்தில் ஸ்கூல் யூனிஃபோர்ம் தைக்கும் ஒருவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அக்கா இப்போது அங்கேதான்.

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்குப் பலர் போவதும் இதனால்தான். யாரும் பொலிஸ் ரிப்போர்ட் கேட்பதில்லை, பொழுதுபட்டால் கையில் காசு. ஆனால் வயது போனால் முதுகு மூட்டையைத் தாங்குமா?

1979 ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, வருடக்கணக்கில் உள்ளே இருந்து, குற்றவாளி என்று தீர்ப்பே இல்லாமல் விடுபட்டவர்களும் எங்களிடம் வருகிறார்கள். "நான் என்னத்தண்ணே செஞ்சேன், அவங்க மன்னிக்கிறதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு மோட்டார் பாட்ஸ் கடையில் இடம் கிடைத்தது. விசாரிக்க யாராவது வந்தால் தானே பேசிக்கொள்வதாக முதலாளி சொன்னார். அப்படியான மனிதர்களும் கொழும்பில் இருக்கிறார்கள்.

இப்போது வெல்டிங் தெரிந்த ஓர் அண்ணன் காத்திருக்கிறார். சிங்களமும் நன்றாகப் பேசுவார். பேலியகொடை, வத்தளைப் பக்கம் கிழமைச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். அவர் எங்கே இருந்து வந்தவர் என்பதை முதலாளியிடம் நாங்களே முதலில் சொல்லிவிடுவோம்.