'தீட்டு' என்றால் தீண்டாமையா? பழைய யூத ஊர்களில் வெளியே நின்றவர்கள் யார்?

வைகைக்கரை:
போன ஞாயிறு ஒரு பிரசங்கம் கேட்டேன். குஷ்டரோகி "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட வேண்டும் என்கிற, வேதாகமத்தின் லேவியராகமம் 13ஐப் படித்துவிட்டு, "நம்ம ஊர்ச் சேரி கதைதான் இது" என்று முடித்துவிட்டார் போதகர். எனக்கு அது ஒட்டவில்லை. அங்கே தீட்டு பிறப்பால் வருவதில்லை. பிள்ளை பெற்றவள், மாதவிலக்கானவள், மனைவியோடு கூடியவன், அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவன், எல்லோருக்கும் வரும். ஆலயத்தில் பலியிடும் ஆசாரியனுக்கும் வரும். பிணத்தைத் தொட்டால் 7 நாள் தீட்டு, ஆனால் பிணத்தைப் புதைப்பது கடமை. கடமையைச் செய்தாலே ஒட்டிக்கொள்கிற ஒன்றை எப்படிப் பாவம் என்றோ இழிவு என்றோ சொல்வது? பாதித் தீட்டுகள் முழுகி எழுந்து பொழுது சாய்ந்தால் போய்விடும். மொழிபெயர்த்தவர்கள் கையில் இருந்த தமிழ்ச் சொல்லைப் போட்டார்கள். சொல்லோடு நம்ம தெருவும் சேர்ந்து உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

சுடுசோறு:
சட்டத்தை மட்டும் படித்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரியும். கிழிந்த உடுப்பு, விரிந்த தலை, வாயை மூடிக்கொண்டு பாளயத்துக்கு வெளியே தனிக்குடியிருப்பு. இதற்கு வேறு என்ன பெயர்? 2 இராஜாக்கள் 7ல் சமாரியாவை எதிரி முற்றுகையிட்டு ஊரே பட்டினி கிடக்கிறது. அப்போதும் நான்கு குஷ்டரோகிகள் வாசலுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே போனாலும் சாவு, இங்கே இருந்தாலும் சாவு என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். குஷ்டம் வந்ததால் உசியா ராஜாவுக்கே சாகும்வரை தனி வீடு. மாலையில் தீட்டுப் போகும் என்பது மற்றவர்களுக்கு. தோல் ஆறாதவனுக்கு அந்த மாலை வரவே வராது.

எழுத்தாணி:
நடுவில் ஒரு திருத்தம். எபிரேயத்தில் உள்ள சொல் 'சாரஅத்'. அது இன்றைய தொழுநோய் அல்ல. துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வரும் என்று அதே பகுதி சொல்கிறது. சுவருக்கு எங்கே தொழுநோய்? உடம்பு முழுக்க வெளுத்துவிட்டால் அவன் சுத்தமானவன் என்பது இன்னும் விசித்திரம். ஆசாரியன் பார்ப்பான், சந்தேகம் என்றால் 7 நாள் அடைத்து வைப்பான், தேவைப்பட்டால் மறுபடி 7 நாள். மருந்து எதுவும் கொடுப்பதில்லை, அது அவன் வேலையும் அல்ல.

அப்புறம், ரபிகள், அதாவது யூதச் சட்ட அறிஞர்கள், கிபி 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற சட்டநூலில் வேறு படம் கிடைக்கிறது. மதில் சூழ்ந்த ஊருக்குள்தான் அவனுக்கு இடமில்லை. ஜெப ஆலயத்துக்கு வந்தால் 10 கையகல உயரம், 4 முழ அகலத்தில் ஒரு தடுப்பு வைக்க வேண்டும். அவன் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போக வேண்டும்.

சுடுசோறு:
தடுப்புக்குப் பின்னால் உட்கார வைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தனிக் குவளையில் டீ கொடுத்த கடைக்காரனும் "கடைக்கு வராதே என்றா சொன்னேன்?" என்றுதான் கேட்பான்.

வைகைக்கரை:
அந்த உவமையைத்தான் வேண்டாம் என்கிறேன். தனிக் குவளை அவன் பிள்ளைக்கும் உண்டு, பேரனுக்கும் உண்டு. சாரஅத் ஆறினால் ஆசாரியன் பார்த்துச் சடங்கு செய்து வீட்டுக்கு அனுப்புவான். சுகமாகித் திரும்பி வருவதற்கென்றே லேவியராகமம் 14ல் பாதி அதிகாரம் செலவாகிறது.

மண்ணிலிருந்தும் ஒரு சாட்சி. எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய அக்கெல்தமாவில் 2000ஆம் ஆண்டு ஒரு கல்லறை கிடைத்தது. கிபி 1ஆம் நூற்றாண்டு. உள்ளே சவத்துணியோடு ஒரு ஆண். 2009ல் வெளியான மரபணு ஆய்வில் அவனுக்கு உண்மையான தொழுநோயே இருந்தது தெரிந்தது, காசநோயும் இருந்தது. அவன் கிடந்தது ஊருக்கு வெளியே ஒரு குழியில் அல்ல, வசதியான குடும்பத்தின் கல்லறையில், சொந்தக்காரர்களோடு.

சுடுசோறு:
மீதியையும் சொல்லுங்கள். அந்தக் காலத்து எருசலேமில் ஒரு வருடம் போல விட்டு, சதை அற்றுப்போன எலும்புகளைப் பொறுக்கிக் கல்பெட்டியில் வைப்பது வழக்கம். அவன் எலும்பை யாரும் தொடவில்லை. அவன் கிடந்த மாடத்தைச் சாந்து பூசி அடைத்துவிட்டார்கள். அதனால்தான் துணிகூட மிஞ்சியது. சொந்தக்காரர்களே கை வைக்கவில்லை.

கடலோரம்:
இரண்டு பேரும் நோயையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிறப்பால் ஒதுக்கப்பட்டவர் யாருமே இல்லையா?

எழுத்தாணி:
இருந்தார்கள். 'மம்சேர்' ஒன்று. தமிழ் வேதாகமம் வேசிப்பிள்ளை என்று போட்டது சரியான பொருள் இல்லை. ரபிகளின் கணக்கில் தாய்க்குத் திருமணம் ஆகாதது குற்றமல்ல, பிறன் மனைவி, நெருங்கிய இரத்த உறவு போன்ற கூடாத உறவில் பிறந்தவனே மம்சேர். உபாகமம் 23ன்படி பத்துத் தலைமுறைக்குச் சபையில் இடமில்லை. இதிலிருந்து வெளியேற ரபி தர்போன் ஒரு குறுக்குவழி சொன்னார்: மம்சேர் ஓர் அடிமைப் பெண்ணை மணக்கட்டும், பிள்ளை அடிமையாகப் பிறக்கும், அவனை விடுதலை செய்தால் கறை நீங்கும். ரபி எலியேசர் அதை ஏற்கவில்லை.

அடுத்தது நிதனீமியர், ஆலயத்து எடுபிடி வேலைக்காரர்கள். யோசுவா 9ல் விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் விதிக்கப்பட்ட கிபியோனியரின் வழி என்று ரபிகள் சொல்வார்கள். இஸ்ரவேலரோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. மம்சேரும் நிதனீமியரும் தங்களுக்குள் மணந்துகொள்ளலாம்.

சுடுசோறு:
பிறப்பு, தொழில், திருமணத் தடை. இதற்குமேல் என்ன வேண்டும்?

வைகைக்கரை:
அதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நெகேமியா 3ல் நிதனீமியர் ஓபேலில் குடியிருக்கிறார்கள், ஆலயத்துக்குப் பக்கத்திலேயே. பெர்சிய ராஜா அவர்கள்மேல் வரி போடக் கூடாது என்று எஸ்றா 7ல் கட்டளை. ஊருக்கு வெளியே யாரும் தள்ளவில்லை. மம்சேரையே எடுத்துக்கொள்ளுங்கள், கற்றறிந்த மம்சேர் படிக்காத பிரதான ஆசாரியனுக்கு முந்தியவன் என்று மிஷ்னாவே சொல்கிறது.

சுடுசோறு:
விறகும் தண்ணீரும் தினம் வேண்டும் என்றால் பக்கத்தில்தானே வைத்துக்கொள்வார்கள்? முந்தியவன் என்கிறார்கள், சரி. அந்த முந்தியவனுக்கு எந்த ஆசாரியன் பெண் கொடுத்தான்?

வைகைக்கரை:
யாரும் கொடுத்திருக்க மாட்டான். நிதனீமியர் விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதிலில்லை. குஷ்டரோகி விஷயத்தில் நான் சொன்னதுதான். போதகர் லேவியராகமம் 13க்குப் பதிலாக யோசுவா 9ஐ எடுத்துப் பேசியிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.