பீலிக்கரை ஈரத்தில் கூடும் வண்ணத்துப்பூச்சிகள்: தாகமா, வேறு காரணமா?

லயத்துப்பிள்ளை:
இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்தில், பெப்ரவரி, மார்ச் மாத வெயிலில் ஓடை மெலியும்போது, பீலிக்கு, அதாவது குடம் நிரப்பும் நீர்க்குழாய்க்கு, கீழே மாட்டுக் கொட்டகைக் கழிவுநீர் கசியும் கானோரத்தில் (வடிகால் ஓரத்தில்), கறுப்புச் சிறகில் நீலப்பட்டை ஓடும் வண்ணத்துப்பூச்சிகள் இருபது முப்பது சேர்ந்து ஈரமண்ணை உறிஞ்சுவதைக் காண்கிறேன். பத்தடி தள்ளித் தெளிந்த நீர் ஓடியும் அங்கே ஒன்றுகூடப் போவதில்லை. சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் அவை இளைப்பாறுகின்றன என்பது பாட்டியின் விளக்கம். தாகம்தான் காரணமென்றால் அழுக்கு நீரை ஏன் நாடுகின்றன?

பழைய வாத்தியார்:
அவை தேடுவது நீரையன்று, நீரில் கரைந்திருக்கும் உப்பை, குறிப்பாகச் சோடியத்தை. புழுப்பருவத்தில் தின்னும் இலையிலும் பிறகு குடிக்கும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு; ஆனால் நரம்பும் தசையும் இயங்க அது வேண்டும். கால்நடைச் சிறுநீர் ஊறிய மண்ணில் அது தாராளமாகக் கிடைக்கிறது. 1974 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெவ்வேறு கரைசல்களில் நனைத்த மணலைத் தட்டுகளில் வைத்துப் பார்த்தபோது, அந்நாட்டின் புலிவரி வண்ணத்துப்பூச்சிகள் சோடியம் கலந்த மணலையே நாடின.

இவ்வாறு கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். சேர்க்கையின்போது விந்துப்பையுடன் சோடியத்தையும் பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு முட்டைகளுக்குப் போய்ச் சேர்வது ஓர் அந்துப்பூச்சி இனத்தில் நிறுவப்பட்டுள்ளது. கழிவுநீரில் நைதரசன் சேர்மங்களும் உண்டு. சில இனங்கள் அவற்றையும் நாடுவதாகக் கருதப்படுகிறது.

பாட்டியின் சொல்லை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. சிங்களத்தில் அம்மலைக்குச் 'சமனல கந்த', அதாவது வண்ணத்துப்பூச்சி மலை, என்றே பெயர். ஆனால் அத்திசையில் கூட்டமாகப் பறப்பதாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் வெள்ளை, மஞ்சள் நிறத்தவை. நீங்கள் பார்ப்பது கறுவா இலையைத் தின்று வளரும் நீலப்பட்டை இனமாக இருக்கலாம்.

மலைச்சாரல்:
ஐயா கூறியது சரி. எனினும் வெயிலை ஒதுக்கிவிடக் கூடாது. மூடுபனியும் மழையும் உள்ள நாளில் இவை சிறகை விரிப்பதே அரிது. உடல் சூடேறினால்தான் பறக்க முடியும். வறண்ட நாளில் ஈரமான இடங்கள் சுருங்குவதால் அங்குமிங்கும் சிதறியிருந்தவை ஓரிடத்தில் குவிகின்றன. நீர் ஆவியாகும்போது உப்பும் மண்ணின் மேற்பரப்பில் செறிகிறது. ஒன்று அமர்ந்திருப்பதைக் கண்டு மற்றவை இறங்குவதும் உண்டு. படம் எடுப்பவர்கள் காகிதப் பூச்சியை ஈரத்தில் வைத்து ஏமாற்றுவது அதனால்தான். அடுத்த முறை பின்னால் அமர்ந்து வயிற்று நுனியைக் கவனியுங்கள்.

லயத்துப்பிள்ளை:
ஐயாவுக்கும் மற்றவருக்கும் நன்றி. இன்று பதினொரு மணியளவில் கானோரத்தில் அரைமணி நேரம் குந்தியிருந்தேன். உறிஞ்சிக்கொண்டே இருக்கையில் சில நொடிக்கு ஒருமுறை வயிற்று நுனியிலிருந்து தெளிந்த நீர்த்துளி தெறிக்கிறது! நீரை வெளியேற்றிவிட்டு உப்பை மட்டும் வைத்துக்கொள்கின்றன போலும். இத்தனை ஆண்டுகள் பக்கத்திலேயே குடம் நிரப்பியும் இதை நான் பார்த்ததில்லை.

பழைய வாத்தியார்:
ஆம், அதுவேதான். அந்தக் கானைச் சீமெந்து போட்டு மூடத் தோட்டத்தில் யாராவது திட்டமிட்டால், கொட்டகை ஓரத்தில் ஒரு முழ அளவு மண்ணையாவது திறந்து விடச் சொல்லுங்கள்.