டரான்டுலாவுக்கு வயசாயிடுச்சா இல்ல உடம்பு சரியில்லையா, எப்படி கண்டுபிடிக்கறது?

பானஸ்வாடி_பொண்ணு
வணக்கம், பெங்களூர்ல இருந்து எழுதறேன். எங்கண்ணன் வளத்துட்டிருந்த மெக்சிகன் ரெட் நீ டரான்டுலா (முடி நெறஞ்ச பெரிய சிலந்தி) இப்ப என்கிட்ட இருக்கு, அவன் வேலைக்கு வெளிநாடு போனப்ப என் பொறுப்புல விட்டுட்டுப் போனான். வாங்கும்போதே ஓரளவு பெருசு, பொண்ணுன்னு சொல்லித்தான் குடுத்தாங்களாம், வயசு யாருக்கும் தெரியாது. போன மழைக்காலத்துல தோல் உரிச்சுது, அதுக்கப்புறம் சாப்பாடு கொறஞ்சுகிட்டே வந்து இப்ப பூச்சி விட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது. முன்னாடி ஒரே மூலையில அசையாம உக்காந்திருக்கும், இப்ப ராத்திரி பூரா கண்ணாடிய ஒட்டியே நடக்குது, ஏறப் பாத்து வழுக்கி விழுது, பின்னங்கால் ஒண்ண லேசா இழுக்குது. வயிறும் சுருங்கிப் போச்சு. பக்கத்துல ஒரு வெட்கிட்ட கேட்டேன், நாய் பூனை மட்டும்தான் பாப்போம்னுட்டாங்க. முதல்ல பயந்த எங்கம்மாவே இப்ப காலைல காபி போடறதுக்கு முன்னாடி போய் ஒரு தடவ பாத்துட்டு வராங்க. இது வயசா, நோயா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

எட்டுக்கால்
சிஸ்டர், சாப்பிடலங்கறத மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது, நல்லா இருக்கற டரான்டுலாவே மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கும். வயித்த பாருங்க, அதுதான் முக்கியம். தோல் உரிக்கப் போகுதுன்னா வயிறு உப்பி இருக்கும், முடி உதுந்து சொட்டையான இடம் கருத்து பளபளன்னு ஆகும். உங்களுக்கு சுருங்கியிருக்குன்னா அது மோல்ட் (தோல் உரிக்கறது) இல்ல.

அடுத்து தண்ணி. இதுங்களுக்கு கால மடக்கத்தான் தசை இருக்கு, நீட்டறதுக்கு முக்கியமான மூட்டுங்கள்ல தசையே கிடையாது, உடம்புல இருக்கற திரவத்த அழுத்தி அனுப்பித்தான் நீட்டுது, அதனால தண்ணி கொறஞ்சா அழுத்தம் கொறஞ்சு கால் எல்லாம் உடம்புக்கு அடியில மடங்க ஆரம்பிக்கும். மல்லாக்க படுத்திருந்தா தோல் உரிக்குதுன்னு அர்த்தம், தொடவே கூடாது. நிமிர்ந்தபடி கால் உள்ள சுருண்டு இருந்தாத்தான் ஆபத்து. நம்ம ஊர்ல பிப்ரவரி மார்ச்சுல காத்து ரொம்ப வறண்டு போயிடும், அதுல ஃபேன் வேற ஓடுச்சுன்னா தண்ணி கிண்ணம் சீக்கிரம் காஞ்சிடும், கவனிங்க.

இன்னொண்ணு, அபார்ட்மென்ட்ல பெஸ்ட் கன்ட்ரோல் அடிச்சாங்களா? அந்த ரூம்ல கொசு லிக்விட் மாட்டறீங்களா? பூச்சியக் கொல்றது சிலந்தியையும் பாதிக்கும். விஷம்னா நடை வெட்டி வெட்டி இழுக்கும், கால்கள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துழைக்காது. வாய்கிட்ட வெள்ளையா கொழகொழன்னு ஏதாவது இருந்தா அது புழுத்தொற்று, உடனே சொல்லுங்க.

கடைசியா, முன்னங்கால அடிப்பக்கமா பாருங்க, சின்னதா கொக்கி இருக்கா? வாய்கிட்ட இருக்கற குட்டிக் கை ரெண்டும் நுனியில பாக்ஸிங் க்ளவுஸ் மாதிரி உருண்டு இருக்கா?

பானஸ்வாடி_பொண்ணு
தண்ணி எப்பவும் இருக்கு, கொசு லிக்விட் அந்த ரூம்ல போடறதே இல்ல, பெஸ்ட் கன்ட்ரோலும் இல்ல. வாய் சுத்தமா இருக்கு. கண்ணாடில ஏறும்போது அடியில டார்ச் அடிச்சு பாத்தேன், முன்னங்கால் ரெண்டுலயும் கருப்பா கொக்கி இருக்கு!! குட்டிக் கை நுனியும் நீங்க சொன்னபடியே உருண்டுதான் இருக்கு.

எட்டுக்கால்
அப்ப அது பையன், சிஸ்டர். மழைக்காலத்துல உரிச்சதுதான் அவனோட கடைசி மோல்ட், அதுலதான் அந்தக் கொக்கி வந்திருக்கு. அதுக்கப்புறம் ஆண் சாப்பாட்ட விட்டுட்டு பொண்ணத் தேடி அலையும், ராத்திரி நடை அதுதான். பெரும்பாலும் ஒரு வருஷம், சிலது அதுக்கு மேலயும் இருக்கும். இந்த இனத்துல பொண்ணு 20 வருஷத்துக்கு மேல வாழும், பையனுக்கு அவ்ளோ இல்ல. நீங்க சரியாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க, இது வயசு.

ஜெயநகர்_மாமா
என்கிட்ட வயசான பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, அவளுக்கு வேற விதம். மோல்ட்டுக்கு நடுவுல இடைவெளி வருஷக்கணக்கா நீண்டுகிட்டே போச்சு, சொட்டை இடத்துல முடி திரும்ப வரல, பூச்சிய துரத்தறத விட்டுட்டு பக்கத்துல வந்தா மட்டும் பிடிச்சா, கடைசில அதுவும் இல்ல. எல்லாம் ரொம்ப மெதுவா நடக்கும், அதனால போன வருஷ போட்டோவ எடுத்து பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். திடீர்னு நாலு நாள்ல ஆள் மாறிட்டா அத வயசுன்னு விட்டுடாதீங்க.

டரான்டுலாவுக்கு ஒருவகையில சொந்தமான டிராப்டோர் சிலந்தி (மண்ணுல வளை தோண்டி, வாசல்ல மூடி வெச்சு வாழறது) ஒண்ணு மேற்கு ஆஸ்திரேலியாவுல, நம்பர் 16னு பேரு, பார்பரா யார்க் மெயின்ங்கற விஞ்ஞானி 1974ல இருந்து கவனிச்சுட்டு வந்தாங்க, அது 43 வயசு வரைக்கும் இருந்து 2016ல செத்துப்போச்சு, அதுவும் முதுமையால இல்ல, குளவி தாக்கி! பொண்ணுங்க ஆயுசு அப்படி.

இப்ப உங்க பையனுக்கு செய்யறதுக்கு சில விஷயம் இருக்கு. மண்ண ஏத்தி மூடிக்கும் மண்ணுக்கும் நடுவுல உயரத்தக் கொறைங்க, விழுந்து வயிறு கிழிஞ்சா பிழைக்காது. கூர்மையான கல்லு, அலங்கார சாமான் எல்லாம் எடுத்துடுங்க. தண்ணி கிண்ணம் அகலமா, ஆழம் இல்லாம, அவன் அதிகமா உக்கார்ற பக்கத்துல. சாப்பாடு வேணும்னா தலை நசுக்கின ஒரு மீல்வார்ம் (தீனிக்குன்னு கடைல விக்கற புழு) ராத்திரி வெச்சுட்டு காலைல தொடலன்னா எடுத்துடுங்க, உயிரோட பூச்சிய உள்ளயே விட்டா பலவீனமானவன கடிக்கும். வீட்டுக் கரப்பான் வேணவே வேணாம், மருந்து சாப்பிட்டிருக்கும். ஈரத்துணி போட்ட டப்பாவுல அடைச்சு வைக்கச் சொல்லுவாங்க, தண்ணி குடிக்கறவனுக்கு அது தேவையில்ல, புழுக்கம்தான் மிச்சம்.

பானஸ்வாடி_பொண்ணு
ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, படிச்சதும் அழுதுட்டேன், ஆனா நிம்மதியாவும் இருக்கு. ஃப்ரீசர்ல வெச்சா வலியில்லாம போயிடும்னு ஒரு இடத்துல போட்டிருந்தாங்க, அது சரியா?

எட்டுக்கால்
அதுல வளக்கறவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. என்னக் கேட்டா வேணாம், அவன் இன்னும் நடக்கறான், தண்ணி குடிக்கறான், அவசரப்பட வேண்டிய நிலைமையே இல்ல. கால் சுருண்டு எழுந்திரிக்கவே முடியாமப் போனா எக்ஸாடிக் (நாய் பூனை இல்லாத அபூர்வ பிராணிங்க) பாக்கற வெட் யாரையாவது தேடிக் கேளுங்க, இப்பவே போன் பண்ணி விசாரிச்சு வெச்சுக்கறது நல்லது.

ஜெயநகர்_மாமா
ஒரு விஷயம் விட்டுட்டேன்மா. ரெட் நீ சைட்டிஸ் (அரிய உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கறதக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கற இனம், மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிஞ்சிருக்கணும், செத்தாலும் அதுல தெரிவிக்கணும். அண்ணன் பேர்ல பதிவு இருக்கான்னு கேட்டு பேப்பர வாங்கி வெச்சுக்கோ.