கொரோனா நேரத்தில் ஆஸ்பத்திரி: மாற்றுத்திறனாளிகள், வீட்டார் அனுபவங்கள்

தறிக்காரர் மகள்:
2021 மே. அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேட்காது, எழுத்தும் தெரியாது. எதிரில் பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். வார்டில் துணைக்கு ஆள் விடவில்லை. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. நர்ஸ் என்னவோ கேட்கிறார், அம்மா முழிக்கிறாள். மறுபடி கேட்கிறார். சட்டென்று அம்மா கை நீட்டி அவர் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டாள். இரண்டு பேர் ஓடிவந்து அவள் கையைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்தார்கள். "உதட்டைப் பார்க்கத்தான் இழுத்தாங்க" என்று கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். அந்தப் பக்கம் கேட்கவில்லை.

வைகைக்கரை:
எனக்குப் பார்வை இல்லை, தனியாக இருக்கிறேன். ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால் வாருங்கள் என்று மீட்டரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சரி, அதை யார் படிப்பது? வீடியோ காலில் விரலைக் காட்டுவேன், சேலத்திலிருந்து தங்கை படிப்பாள். ஒரு ராத்திரி 2 மணிக்கு அவள் பேசவே இல்லை. "எவ்வளவும்மா?" என்றேன். "விரலைச் சரியா வைண்ணா" என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

மலைக்கோட்டை:
தறிக்காரர் மகள், அந்த நர்ஸ் மேல் கோபப்படாதீர்கள். என் மனைவியும் அப்போது வார்டு வேலை பார்த்தவள். மாஸ்க் நகர்ந்தாலே உயிர் பயம். தப்பு, துணையை உள்ளே விடாததில்தான். எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. 9 நாள் புரட்டிப் போட ஆளில்லாமல் படுக்கைப்புண்ணோடு வீடு வந்தேன். ஆற 5 மாதம் ஆனது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருந்துச்சீட்டு, சிறுநீர் எடுக்கும் குழாயான கதீட்டர் இரண்டு, யூரின் பை எல்லாம் எப்போதும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். 'காது கேட்காது, முகம் பார்த்துப் பேசவும்', '2 மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டவும்' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சட்டையில் குத்திவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சிகிச்சையில் நமக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. 8ஆம் பிரிவு பேரிடரிலும் சமமான பாதுகாப்பு என்கிறது. எடுத்துச் சொல்லுங்கள், வாதாடுங்கள். தடுப்பூசியை வீட்டுக்கே வந்து போடலாம் என்று மத்திய அரசு சொல்லவே 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. நாம் கேட்காமல் எதுவும் வராது.

தறிக்காரர் மகள்:
அண்ணா, நர்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பயந்ததை நானே பார்த்தேன். எழுதிக் குத்தலாம்தான். ஆனால் மாஸ்க் போட்ட முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு என்ன புரியும்? இப்போதும் சர்க்கரை மாத்திரைக்குக் கூட்டிப்போனால், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறாள்.