பட்டாசல் (வீட்டுக் கூடம்) உத்தரத்தின் நுனி உளுத்தால் முழுசா மாத்தணுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஓட்டு வீடு. தேக்கு உத்தரத்தில், சுவருக்குள்ள இருக்கிற நுனி மட்டும் ஒரு சாண் உளுத்திருக்கு. வெளிப்பூச்சு சிமெண்ட். இங்கிலாந்துல ஓக் சட்டம் கோத்த கிராமத்து வீடுகள் 400, 500 வருஷம் நிக்குதே, அங்க என்ன செய்றாங்க?

பதில் 1: முழுசா மாத்தாதீங்க அண்ணாச்சி. அங்கேயும் கெட்ட துண்டை மட்டும் அறுத்து, அதே ஜாதி மரத்தைச் சாய்வெட்டில் ஒட்டி மர முளை அடிப்பாங்க. அறுக்கும் முன்னே ஜாக்கி முட்டுக் கொடுங்க. ஒட்டு, முழு மரம் அளவுக்குப் பாரம் தாங்காது. அடியில தூணோ கல் தாங்கியோ வேணும்.

பதில் 2: முதல்ல சிமெண்டைக் கொத்தி எடுங்க, வினையே அதுதான். அங்க மிலாறு (மெல்லிய குச்சி) பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசின சுவர் ஈரத்தை வெளியே விட்டுடும். சிமெண்ட் பூசினா மயிரிழை விரிசல்ல இறங்குற மழைத்தண்ணி திரும்ப வராது. ஓக் உள்ளேயே மக்கி, விரல் பட்டா காப்பித்தூளா உதிரும். பூச்சுக்குச் சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு போதும். நுனியைச் சுத்தி அரை இஞ்சு காத்து போக விடுங்க.

பதில் 3: அங்க கரையான் தொல்லை இல்ல, நமக்கு உண்டு. புதுத் துண்டுக்கு வைரம் பாஞ்ச மரம்தான். வெளிறு (வைரத்தைச் சுத்தி இருக்கிற வெளிர் மரம்) ஒரு விரற்கடைகூட வேண்டாம்.